ஓடும் நீரின் மேய்ச்சல் நிலம்

மலை ஓடையில் இறங்கியவர்கள் ஒருமுறையாவது வழுக்கியிருப்பார்கள். கல்லைப் போர்த்தியிருக்கும் படலம்தான் காலை வாரிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது அதன் கனம். விரலால் வழித்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் ஓர் ஊரே தெரியும்: சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயட்டம்கள், பச்சைப் பாசி இழைகள், நீலப்பச்சை பாக்டீரியாக்கள், எல்லாவற்றையும் கல்லோடு பிணைக்கும் பிசின், அந்தப் பிசினுக்குள் உலவும் ரோட்டிஃபர்கள், நூற்புழுக்கள், குட்டிப் பூச்சிப்புழுக்கள். ஆய்வாளர்கள் இதைப் பெரிஃபைட்டான் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் பாசிப்படலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் படலத்தை மேய்ந்தே வாழும் மீன்கள் உலகின் பல மலைகளில் உண்டு. அவற்றை வீட்டுத் தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது படலத்தை. மீன் பிறகு வரட்டும்.

கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. "கண்ணாடியில பாசி பிடிக்குதா? இதுல ஒண்ணு போடுங்க, சுத்தமா தின்னுடும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். விரல் நீளத்தில் வீட்டுக்கு வரும் அந்தத் தென் அமெரிக்கக் கெளுத்தி ஓர் அடியைத் தாண்டி வளரக்கூடியது. இடம் போதாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்கள் ஏராளம். காற்றையும் விழுங்கிச் சுவாசிக்கத் தெரிந்த மீன் அது, அதனால் கெட்ட நீரிலும் பிழைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் இன்று வலையைக் கிழித்து, கரையைக் குடைந்து பெருகிக் கிடக்கிறது. மீனைத் தொட்டி கழுவும் கருவியாக நினைத்ததன் விளைவு இது. அந்த மீனுக்கு என்ன தேவை என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

அதே சக்கர் மீனின் உறவினர்கள், தங்கள் சொந்த ஆற்றில் எப்படி வாழ்கின்றன என்று பார்த்தவர் சூழலியலாளர் மேரி பவர். பனாமா நாட்டின் ரியோ ஃப்ரிஹோலெஸ் என்ற சிற்றாற்றில் அவர் செய்த ஆய்வுகள் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தன. அந்த ஆற்றில் சில மடுக்களில் வெயில் நேராக விழுகிறது, சிலவற்றை மரங்கள் மூடியிருக்கின்றன. வெயில் மடுவில் பாசி பல மடங்கு வேகமாக வளர்கிறது. அப்படியானால் வெயில் மடுவின் மீன்கள் கொழுத்தும், நிழல் மடுவின் மீன்கள் மெலிந்தும் இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு இடத்திலும் மீன்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வளர்ந்தன. காரணம், எத்தனை மடங்கு வேகமாகப் பாசி வளர்ந்ததோ கிட்டத்தட்ட அத்தனை மடங்கு கூடுதலான மீன்கள் வெயில் மடுவில் இருந்தன. இடம் மாறி மாறி மேய்ந்து, தலைக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் பங்கிட்டதுபோல் பரவியிருந்தன. ஒரே ஒரு விலக்கு: கரையோரமாக 20 செ.மீ.க்கும் குறைந்த ஆழத்தில் பாசி தடித்துக் கிடந்தும் பெரிய மீன்கள் அங்கே போகவில்லை. மேலிருந்து கொத்தும் பறவைகளுக்குப் பயந்து நல்ல மேய்ச்சலை விட்டுவைத்தன.

இந்த ஆய்வைத் தொட்டி வைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லின்மேல் விழும் வெளிச்சம் பாசியின் அளவை முடிவு செய்கிறது. பாசியின் அளவு மீன்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. ஆற்றில் இந்தக் கணக்கை மீனே போட்டுக்கொள்ளும், பற்றாத மடுவை விட்டு வேறு மடுவுக்குப் போய்விடும். தொட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. கணக்கைப் போட வேண்டியவர் நாம்.

மேய்வதாலேயே மேய்ச்சல் நிலம் மாறும் என்பதற்கு ஜப்பானில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே தெளிந்த ஆறுகளில் வாழும் அயு என்ற மீன் சீப்புப் போன்ற பற்களால் கல்லைச் சுரண்டித் தின்னும். ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடத்தைத் தனதாக்கி, உள்ளே வரும் மற்ற அயுவைத் துரத்தியடிக்கும். அயு தீவிரமாக மேய்ந்த கற்களில் டயட்டம்கள் குறைந்து, ஹோமியோத்ரிக்ஸ் ஜாந்தினா என்ற நுண்ணிய இழையுள்ள நீலப்பச்சை பாக்டீரியா மேலோங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மேய மேயச் சட்டென்று மறுபடி வளரக்கூடியது அது. தொட்டியிலும் இதுபோல் நடக்கும். அளவாக மேயப்படும் கல்லில் மெல்லிய, இளம் படலம் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மேயாமல் விட்ட கல்லில் பாசி முற்றி, நூல்நூலாக நீண்டு, மேயும் மீன்கள் வாய் வைக்காத ஒன்றாகிவிடும்.

இனி மீனுக்கு வருவோம். பாசி மேயும் மீன்கள் பல குடும்பங்களில் உண்டு, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் திணிக்க முடியாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது செவெல்லியா லினியோலாட்டா. மத்திய வியட்நாமில், அன்னம் மலைத்தொடரிலிருந்து கிழக்கு நோக்கிக் கடலுக்கு இறங்கும் ஆறுகளின் மீன். முழு வளர்ச்சியில் 6 செ.மீ. அளவு. மேலிருந்து பார்த்தால் பழுப்பு உடலில் பொன்னிறக் கோடுகள் பின்னிய வட்டு ஒன்று கல்லில் பதிந்திருப்பது போலிருக்கும்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். செவெல்லியா என்ற பேரினத்தை 1932-இல் நிறுவியவர் சுந்தர் லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றி, பிற்காலத்தில் அதன் இயக்குநரானவர். தம் ஆய்வகத்தை அப்போது நடத்திவந்த சீமோர் செவெல் பெயரை இந்தப் பேரினத்துக்கு வைத்தார். அதற்கும் முன்பு, 1920-இல், மேற்குத் தொடர்ச்சி மலையில் இதேபோல் கல்லைப் பற்றி வாழும் ஒட்டுமீன் ஒன்றுக்காக அவர் நிறுவிய பேரினம் பவானியா. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் நம் பவானி ஆற்றின் பெயரே அது. இயற்கையியலாளர் தாமஸ் ஜெர்டன் 1849-இல் வாளையார்க் காட்டு ஓடையிலிருந்து விவரித்த மீன் இன்று பவானியா ஆஸ்திராலிஸ் என்று வழங்கப்படுகிறது.

வடகிழக்கு இந்தியாவின் காசி மலைகளில் ஓடும் காட்டாறுகளைப் பற்றி ஹோரா 1923-இல் எழுதினார். 1930-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, வேக நீரில் வாழும் உயிர்களின் ஒட்டும் உறுப்புகளை ஒன்றோடொன்று வைத்து ஆராய்ந்தது. தட்டையான வயிறு, பக்கவாட்டில் விரிந்த துடுப்புகள், அடிப்பக்கம் நகர்ந்த வாய், மேலே ஒடுங்கிய செவுள் திறப்பு என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத உயிர்களிலும் ஒரே மாதிரியான விடைகள் வருவதை அவர் கவனித்தார். ஓடும் நீர் என்ற ஒரே கேள்விக்கு எல்லா உயிர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

செவெல்லியாவின் பதில் நேர்த்தியானது. மார்புத் துடுப்புகள் இரண்டும் உடலின் இருபுறமும் விசிறியாக விரிகின்றன. இடுப்புத் துடுப்புகள் பின்புறம் ஒன்றாக இணைந்து கிண்ணம்போல் ஆகின்றன. துடுப்பின் அடித்தோலில் கொம்புப் பொருளால் ஆன நுண்ணிய முட்கள் உண்டு, அவை கல்லின் சொரசொரப்பைப் பற்றுகின்றன. மீன் கல்லில் அமர்ந்திருக்கும்போது கூர்ந்து பார்த்தால், உடல் அசையாதிருக்க மார்புத் துடுப்பின் பின்விளிம்பு மட்டும் படபடவென்று துடிப்பது தெரியும். வயிற்றுக்கு அடியில் கசியும் நீரை அந்தத் துடிப்பு வெளியேற்றுகிறது. இவ்வகை மீன்களின் முழு உடலுமே ஓர் ஒட்டு வட்டாக வேலை செய்வதை பெல்ஜிய ஆய்வாளர்கள் 2014-இல் விரிவாகக் காட்டினார்கள்.

ஓடும் நீரில் கல்லின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஓடுவதில்லை. 1904-இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன் இயற்பியலாளர் லுட்விக் பிராண்ட்டல் இதை விளக்கினார். திடப்பொருளை ஒட்டிய இடத்தில் வேகம் பூச்சியம், அங்கிருந்து விலக விலகத்தான் முழு வேகம் வருகிறது. இடையில் இருக்கும் மெல்லிய மண்டலம் எல்லை அடுக்கு. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சீராக ஓடும் நீரில், வழவழப்பான ஒரு கல்லின் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி அதன் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மீன் அந்த மெல்லிய அடுக்கில் ஒளிந்துகொள்கிறது என்று பல புத்தகங்களில் படிக்கலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வளர்ந்த செவெல்லியாவின் முதுகு அதைவிட உயரம், ஆகவே முதுகில் ஓட்டம் மோதவே செய்கிறது. அதனால்தான் அதற்குப் பிடிமானம் வேண்டும். அந்த அடுக்கில் முழுதாக மூழ்கி வாழ்வது பாசிப்படலம்.

வேக நீர் ஏன் வேண்டும் என்பதற்கு விடையும் இங்கேதான். நீரில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. தேங்கிய நீரில் ஒவ்வொரு பாசிச் செல்லையும் சுற்றித் தீர்ந்துபோன நீர் தங்கிவிடுகிறது, புதுச் சத்து வந்து சேர நேரமாகிறது. ஓட்டம் அந்த அடுக்கை மெலிதாக்கித் தள்ளிவிடுகிறது. வேகமாக ஓடும் நீரில் படலம் செழிப்பதற்கும், செடியின் இலை தழைப்பதற்கும், மீனின் செவுள் சிரமமின்றி மூச்சுவிடுவதற்கும் காரணம் ஒன்றே. மீனுக்கு உடற்பயிற்சி தேவை என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதற்குத் தேவை ஓட்டம் கொண்டுவரும் ஆக்சிஜனும் உணவும்.

தொட்டிக்குள் அந்த ஓட்டத்தை எப்படிக் கொண்டுவருவது? 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். கற்கள் போக 130 லிட்டர் நீர் நிற்கிறது. கற்களுக்கு மேலே 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓட வேண்டும், நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில். இது சாதாரண ஓடையின் வேகம்தான். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 73,000 லிட்டர் வருகிறது! கடையில் பெரிய பம்ப் என்று தரும் மணிக்கு 2,000 லிட்டர் பம்ப் அதே குறுக்குவெட்டில் உண்டாக்கும் சராசரி வேகம் நொடிக்கு 1 செ.மீ.கூட இல்லை. தொட்டி நீரை மணிக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று கேட்டு பம்ப் வாங்கும் பழக்கம் வடிகட்டிக்குச் சரி, ஓட்டத்துக்கு அது எதையும் சொல்லாது.

ஆகவே ஓடை முழுவதையும் செய்ய நினைக்காமல், ஓடையின் ஒரு கீற்றைச் செய்யலாம். 2 செ.மீ. விட்டமுள்ள வாயிலிருந்து அந்த 2,000 லிட்டர் பம்ப் நீரைப் பீய்ச்சினால் வாயில் வேகம் நொடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர். வெளியே வந்த பீச்சு சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு விரியும், விரிய விரிய வேகம் குறையும். 30 செ.மீ. தள்ளி அதன் மையத்தில் நொடிக்கு முக்கால் மீட்டர் அளவு இருக்கும், 60 செ.மீ. தள்ளி அதில் பாதி. பம்பின் வழியாகப் போகாத நீரும் இப்படி ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. பீச்சு போகும் தடத்தில் முக்கியமான கற்களை வைத்தால், ஒரே தொட்டியில் பாய்ச்சல், நடுத்தர ஓட்டம், கல்லுக்குப் பின்னால் அமைதி என எல்லா வேகமும் கிடைக்கும். மீன் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே அளவு நீரைத் தள்ள, வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு வேண்டும். எனவே குறுகிய வாயுள்ள பம்பைவிட, அகன்ற விசிறி வைத்த வேவ் மேக்கர் அதே வாட்டில் மிக அதிக நீரை நகர்த்தும். பாய்ச்சலுக்குப் பவர் ஹெட் எனப்படும் குறுகிய வாய்ப் பம்ப் ஒன்று, பொது ஓட்டத்துக்கு ஒரு வேவ் மேக்கர், இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே திசையில் என்பது என் விருப்பம். எதிரெதிர் திசையில் வைத்தால் கொந்தளிப்பு வரும், ஓடை வராது.

பல நாடுகளில் ஒட்டுமீன் பிரியர்கள் பயன்படுத்தும் எளிய அமைப்பு ஒன்று உண்டு. முக்கால் அங்குல பிவிசி பைப்பை எல்போ, டீ என்ற இணைப்பான்களால் இணைத்து, தொட்டியின் அடியில் நீளவாக்கில் படுக்க வைப்பார்கள். ஒரு முனையில் பைப்பின் வாய்களுக்கு ஸ்பாஞ்ச் மாட்டப்படும். மறுமுனையில் பைப் மேலெழுந்து பவர் ஹெட்டின் உறிஞ்சு வாயில் சேரும். பவர் ஹெட் மேலே நீரைப் பாய்ச்ச, அது தொட்டியின் நீளம் முழுக்க ஓடி மறுமுனை ஸ்பாஞ்சில் புகுந்து, பைப் வழியாக அடியில் திரும்பி வருகிறது. பைப்பின்மேல் மணலும் கூழாங்கல்லும் பரப்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாஞ்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாத உறிஞ்சு வாய் குட்டி மீன்களை விழுங்கிவிடும். அந்த ஸ்பாஞ்சே வடிகட்டியும்கூட: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறும்.

கற்களில் கூர்முனை வேண்டாம். ஆற்றில் உருண்ட, கை அகலக் கற்களே மேல். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே போகும். வழவழவென்று மெருகேற்றிய அலங்காரக் கற்களில் படலம் நன்றாகப் பிடிக்காது. கற்களை நெருக்கி அடுக்காமல், ஒவ்வொன்றின் மேற்புறமும் விளக்கைப் பார்க்கும்படி பரப்ப வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் பரப்பு அதுதான்.

தமிழ்நாட்டில் இதையெல்லாம்விடக் கடினமானது வெப்பம். செவெல்லியாவுக்கு ஏற்ற நீர் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6 மட்டுமே. அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ ஏறத்தாழ இரட்டிக்கிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகிறது. போதாக்குறைக்கு நாம் வைக்கும் பம்புகளும் சூடேற்றுகின்றன. நீருக்குள் ஓடும் 25 வாட் பம்பின் மின்சாரம் கடைசியில் முழுக்க வெப்பமாகத்தான் முடியும். வெளியே எதுவும் கசியாது என்று வைத்துக்கொண்டால், நம் 130 லிட்டர் தொட்டியை அது ஒரே நாளில் 4 டிகிரி சூடாக்கும். ஓட்டத்தைக் கூட்டினால் வெப்பம் கூடுகிறது, வெப்பம் கூடினால் இன்னும் ஓட்டம் தேவைப்படுகிறது. இந்தச் சுழலில் சிக்காமலிருக்கத்தான் குறைந்த வாட்டில் நிறைய நீரை நகர்த்தும் விசிறி வகைப் பம்பைத் தேட வேண்டும் என்கிறேன்.

நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதல் குளிர்விக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துப்போகும் வெப்பம் இந்தத் தொட்டியை நாலரை டிகிரி தணிக்கப் போதுமானது. ஆனால் காற்றின் ஈரப்பதம் அனுமதிக்கும் வரைதான் இது நடக்கும். கோவையில் உதவும் விசிறி, மே மாதச் சென்னையில் பாதியிலேயே நின்றுவிடும். குளிரூட்டிய அறையோ நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாத கடலோர வீட்டில் இந்த மீனை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியிலோ வால்பாறையிலோ வசிப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மின்வெட்டு எங்கும் உண்டு. பம்ப் நின்றதும் இந்த மீன்கள் மற்ற மீன்களுக்கு முன்பே திணறத் தொடங்கும், ஆகவே ஒரு பம்பாவது இன்வெர்ட்டரில் இருக்கட்டும், அல்லது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

செடிகளைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. செடித் தொட்டி வைப்பவர்களுக்குப் பாசி எதிரி. வெளிச்சத்துக்கும் சத்துக்கும் செடி போட்டியிட்டுப் பாசியை ஒடுக்கினால் அவர்களுக்கு வெற்றி. நமக்கோ பாசிதான் விளைச்சல். அப்படியானால் செடி எதற்கு? மீனின் கழிவாக வரும் அம்மோனியாவை நேராக எடுத்துக்கொள்ள, பகலில் ஆக்சிஜன் தர, ஓட்டத்துக்கு நடுவே நிழலும் மறைவும் தர. ஆகவே இரண்டுக்கும் இடம் பிரித்துவிடலாம். பலமான விளக்கு கற்களின்மேல் விழட்டும், செடிகள் ஓரத்திலும் கற்களின் பின்னணியிலும் இருக்கட்டும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பிறந்த ஊரைக் கேட்க வேண்டும். போர்னியோவின் ஓடைக் கற்களில் வேர்பிடித்து வளரும் புசெபலாண்ட்ரா இந்தத் தொட்டிக்கென்றே பிறந்தது போன்றது. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் கல்லில் ஒட்டி வளர்பவை, மணலில் புதைத்தால் கிழங்கு அழுகிவிடும். பருத்தி நூலால் கட்டலாம், ஃபெவிக்விக் போன்ற பசையில் ஒரு சொட்டு வைத்தும் ஒட்டலாம். அனுபியாஸின் இலை தடித்தது, மெல்ல வளர்வது, நீண்ட காலம் நிற்பது. அதனால் அதன்மேலும் படலம் படியும், மீன்கள் இலை இலையாக ஏறி மேயும். மென்மையான தண்டுச் செடிகளை ஓட்டம் பிய்த்துவிடும். நம் மலையாறுகளின் அருவிப் பாறைகளில் பாசிபோலப் படர்ந்து, நீர் வற்றும்போது மட்டும் பூக்கும் போடோஸ்டெமேசி குடும்பச் செடிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றைக் கொண்டுவரும் ஆசை எழலாம். அவற்றுக்கு வேண்டிய வெள்ளமும் வறட்சியும் எந்தத் தொட்டியிலும் கிடைக்காது. பாறையிலேயே இருக்கட்டும்.

கரியமில வாயுச் சிலிண்டர் இந்தத் தொட்டிக்கு வீண்செலவு. கொந்தளிக்கும் நீர்ப்பரப்பு அதைக் காற்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமைச் சற்றே தாண்டும் அளவுதான் கரியமில வாயு இருக்கும், ஆனால் ஓட்டம் அதை ஓயாமல் இலைக்குக் கொண்டுவருவதால் மெல்ல வளரும் செடிகளுக்கு அது போதும். நைட்ரேட் ஏறினால் ஒரு மணி பிளான்ட் கொடியின் வேர்களை நீரில் தொங்கவிடுங்கள். அதன் இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை, நீர்ச் செடிகளைவிட வேகமாகச் சத்தை இழுத்துவிடும்.

எல்லாம் வைத்தாகிவிட்டது, பம்ப் ஓடுகிறது, நீர் தெளிந்திருக்கிறது. இப்போது காத்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள். முதலில் பழுப்பாக டயட்டம் படியும். பலர் அதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். விட்டுவிட்டால் அதன்மேல் பச்சை ஏறும், விரல் வைத்தால் வழுக்கும். விளக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் எரியட்டும். கைப்பிடி மீனுணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தால், பாக்டீரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவும் பாசிக்கு வேண்டிய சத்தும் அதிலிருந்து கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டுவது வடிகட்டி தயார் என்பதற்கு மட்டுமே அடையாளம். மேய்ச்சல் நிலம் தயாரா என்பதைக் கல்லைத் தொட்டுத்தான் அறிய முடியும்.

இந்தக் காத்திருப்பை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒட்டுமீன்கள் பெரும்பாலும் நோயால் திடீரென்று சாவதில்லை. ஆற்றில் பிடிபட்டு, கிடங்குகளில் பட்டினி கிடந்து வந்த மீன், வெறுமையான புதுத் தொட்டியில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே வாரக்கணக்கில் மெலிந்து சாகிறது. மேலிருந்து பார்க்கும்போது அது நன்றாகத்தான் தெரியும். வயிற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிப்பக்கம் நம் கண்ணுக்கு நேராக வரும், அதுதான் சமயம். வயிறு தட்டையாகவோ சற்றே உப்பியோ இருந்தால் நல்லது. உட்குழிந்திருந்தால் மீனுக்கு உணவு போதவில்லை. கடையிலேயே இதைப் பார்த்து வாங்கலாம்.

படலம் போதாத காலங்களுக்கு ஒரு கைவேலை உதவும். வெயில் படும் மாடியில் ஒரு டப்பில் நீர் நிரப்பி, தொட்டியின் பழைய நீரையும் சேர்த்து, கூழாங்கற்களைப் போட்டு வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை பிடிக்கும். மேய்ந்து வெறுமையான கல்லை அங்கே வைத்து, பச்சைக் கல்லைத் தொட்டிக்குள் இறக்கலாம். டப்பைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுவது முக்கியம், நாலு கல்லுக்காக டெங்குவை வளர்க்கக் கூடாது. ஸ்பைருலினாப் பொடியை ஜெலட்டினில் குழைத்துக் கல்லில் தடவி உறையவைத்துக் கொடுத்தாலும் மேயும். வெந்நீரில் வேகவைத்த சுரைக்காய்த் துண்டைச் சில மீன்கள் ஏற்கும், சில திரும்பியும் பார்க்காது. வாரத்தில் ஓரிரு முறை உறைந்த சிறு புழுக்களும் வேண்டும். படலத்தில் பாசியோடு பூச்சிப்புழுக்களும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த மீன்கள் தின்னாத பாசியும் உண்டு. நீண்ட பச்சை நூற்பாசியையும், வேக நீரை விரும்பி இலை விளிம்பில் முளைக்கும் கறுப்புத் தாடிப் பாசியையும் அவை தொடாது. கறுப்பாகத் தெரிந்தாலும் பின்னது செம்பாசி இனம். இலையோடு வெட்டி எடுப்பதைத் தவிர எளிய வழி இல்லை. தொட்டியின் வாயை வலையால் மூட வேண்டும். ஈரக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலும் ஏறிவரக்கூடிய மீன் இது, வலையானால் விசிறிக் காற்றையும் தடுக்காது.

எத்தனை மீன் வைக்கலாம்? நாம் கணக்கிட்ட இந்தத் தொட்டிக்கு ஐந்து போதும். தனியாக ஒன்றை வைப்பது சரியல்ல, ஒன்றையொன்று துடுப்பால் போர்த்தி மேலே ஏற முயலும் அவற்றின் போட்டி பார்க்கத் தீவிரமாக இருந்தாலும் காயம் அரிது. ஆணின் தோள்பகுதி சதுரமாகப் புடைத்திருக்கும், பெண்ணின் உடல்கோடு வளைவாக ஓடும். ஓட்டமும் உணவும் ஒத்துவந்த தொட்டிகளில் ஆண் கல்லடியில் மணலைத் தோண்டுவதும், பிறகொரு நாள் நகக்கண் அளவுக் குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டியிருப்பதும் பல நாடுகளில் வளர்ப்போர் கண்டிருக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் பிறந்த மீன் கடையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து நீங்களே பிடித்து வராதீர்கள். கேரள ஆறுகளின் சிவப்புக்கோட்டுக் கெண்டை, மிஸ் கேரளா என்று உலகச் சந்தைக்குப் போய் ஆற்றில் அரிதான கதை நம் கண்முன்னே நடந்தது.

ஐந்து மீன்களையும் விட்ட பிறகு வாரம் ஒருமுறை இரண்டு இடங்களைப் பாருங்கள்: கல்லின் மேற்புறம், மீனின் வயிறு. கல் இன்னும் வழுக்கி, வயிறு நிறைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். கல் வெளுத்து, வயிறு ஒட்டத் தொடங்கினால் கூடுதல் தீனியைக் கொட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தீனி நீரைக் கெடுக்கும், கெட்ட நீரில் ஆக்சிஜன் குறையும். பனாமாவின் கெளுத்தி அந்த நிலையில் வேறு மடுவுக்குப் போயிருக்கும். தொட்டி மீனுக்காக அதை நீங்கள் செய்யுங்கள்: இரண்டு மீன்களை எடுத்து, படலம் பிடித்த கற்கள் உள்ள வேறொரு தொட்டிக்கு மாற்றுங்கள், மீதமுள்ள மூன்றுக்குக் கல் மறுபடி பச்சையாகிறதா என்று பாருங்கள்.